ஓமந்தூர் கார் சரணாலயம்

சுற்றுலாத் துறைக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பும் முன் வாசகர்களும் ஒரு பார்வை பார்த்துவிட்டால் நல்லது. கோரிக்கை சின்னதுதான். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் நான்கு வழிச் சாலையில், ஓமந்தூர் பக்கம் ஒரு நூறு மீட்டர் ஓரத்தைக் ‘கார்கள் சரணாலயம்’ என்று அறிவிக்க வேண்டும். செலவு கிடையாது. நிலம் கையகப்படுத்தும் தொல்லை கிடையாது. கல்வெட்டுக்கு மட்டும் ஒரு கல் போதும்.

ஏற்கெனவே அங்கே வாராவாரம் வலசை நடக்கிறது. வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததும் சென்னையில் கிளம்பும் கூட்டம் ஜி.எஸ்.டி. சாலையில் வந்து, திண்டிவனத்தில் தென்கிழக்கே திரும்பி, ஓமந்தூரைத் தாண்டிப் பாண்டிக்குள் இறங்கும். திங்கட்கிழமையும் சேர்ந்து லீவு கிடைத்தால் கர்நாடகப் பதிவெண் இனமும் சேர்ந்துகொள்ளும். அது கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி வழியாக வருவது. நிறம் பெரும்பாலும் வெள்ளை. கண் கூசும் வெளிச்சம். தனக்கு முன்னால் போகும் எதுவும் போகக் கூடாது என்பதற்காக ஓயாமல் எழுப்பும் ஒலி. உள்ளூர் இனங்களோடு கலப்பதில்லை. எச்சமாகத் தண்ணீர் பாட்டில், சிப்ஸ் உறை, திரும்பும்போது பீர் பாட்டில். ஞாயிறு மாலை நாலு மணிக்கு மேல் மொத்தக் கூட்டமும் வடக்கே திரும்பும். தொலைநோக்கி தேவையில்லை. சாலையோரம் நின்றால் போதும். ஊரார் நிற்கத்தான் செய்கிறார்கள், பேருந்துக்காக.

அந்தப் பேருந்துக்காக நிற்கும் நேரத்தை வீணாக்காமல் சுற்றுலாவாக மாற்றிவிடலாம் என்பதே என் திட்டத்தின் சாரம். ஊரார் எங்கேயும் போகத் தேவையில்லை. போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

‘நிஜமான பறவைகள் சரணாலயமே பக்கத்தில் இருக்கிறதே’ என்று யாராவது கேட்கலாம். இருக்கிறது. வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் கழுவெளி. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல். சைபீரியாவிலிருந்து பறவை வருகிறது என்று பெருமைப்படுகிறோம், நியாயம்தான். சைபீரியப் பறவைக்கு இறக்கை இருக்கிறது. ஓமந்தூர்ப் பள்ளிக்கூடத்துப் பையனுக்கு என்ன இருக்கிறது? திண்டிவனம் போய், மரக்காணம் வண்டிக்கு நின்று, எங்கேயோ ஒரு கூட்டு ரோட்டில் இறங்கி, மிச்ச தூரம் நடந்து, வெயிலேறப் போய்ச் சேர்ந்தால் பறவை நிழலுக்குப் போயிருக்கும். திரும்பும் வண்டியைப் பிடிக்க அவனும் போக வேண்டியதுதான். காரில் வந்தவர் விடியற்காலையில் வந்து, படம் பிடித்து, இட்லி நேரத்துக்குள் ஓட்டலுக்குத் திரும்பிவிடுகிறார். சரணாலயம் இருவருக்கும் பொது என்று அரசாணை சொல்லும். அரசாணைக்குச் சக்கரம் கிடையாது.

இந்த வட்டாரத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பராமரிப்பு. இரண்டு கோடி ஆண்டுக்கு முன்னால் ஆற்றில் அடித்து வரப்பட்டுப் புதைந்து கல்லாகிப் போன மரங்கள் என்று அறிவியல் சொல்கிறது. எனக்குச் சந்தேகம்: அவை பேருந்துக்கு நின்றவை. மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குடைவரை இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் கோயில் எடுத்ததாக அவன் கல்வெட்டில் மார்தட்டிக்கொண்டான். ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து அவன் வாரிசுகள் அவனையே மிஞ்சிவிட்டார்கள். ரயில் இல்லாமல் உலகப் பாரம்பரியச் சின்னம் நடத்துகிறார்கள்.

செஞ்சியைச் சொல்கிறேன். 2025 சூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோ குழு, மராத்தியர்களின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில். மிச்சம் ஒன்று நம் செஞ்சி. அன்று அறிக்கை விடாத தலைவர் இல்லை. கோட்டையின் ராஜகிரி உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்ளாத கட்சிக்காரர் இல்லை. எல்லாரும் காரில்தான் போனார்கள், ஏனென்றால் செஞ்சிக்கு ரயில் இல்லை. பக்கத்து ரயில் நிலையம் திண்டிவனம். அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

ரயில் வரப் போவதாகச் சொன்னார்கள். திண்டிவனம் – செஞ்சி – திருவண்ணாமலை, ஏறக்குறைய 70 கிலோமீட்டர் புதுப் பாதை, 2006-07 ரயில்வே நிதிநிலை அறிக்கைக் காலத்துத் திட்டம். அதே மூச்சில் திண்டிவனம் – நகரி பாதையும் சொன்னார்கள். பிறகு நிலம் இல்லை என்றார்கள், மாநிலம் ஒத்துழைக்கவில்லை என்றார்கள், லாபம் வராது என்றார்கள். நடுவே சில ஆண்டுகள் இந்த மாதிரிப் பாதைகளுக்கு நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கிய தொகை தலா 1,000 ரூபாய். ஆயிரம் கோடி என்று கண் தானாகப் படித்துவிடும், அதனால் இன்னொரு முறை படியுங்கள். ஆயிரம் ரூபாய். 70 கிலோமீட்டருக்குப் பங்கு போட்டால் கிலோமீட்டருக்குப் பதினாலு ரூபாய் சொச்சம். திண்டிவனம் டீக்கடையில் ஒரு டீயும் வடையும்கூட வராது. திட்டம் சாகவில்லை என்று கணக்கில் காட்டத்தான் அந்த ஆயிரம் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்குகிறார்கள். செத்தவர் நெற்றியில் வைக்கும் ஒரு ரூபாய்க்காவது ஒரு மரியாதை இருக்கிறது.

1690-இல் முகலாயப் படை செஞ்சியை முற்றுகையிட்டது. உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். மழை, பஞ்சம், தளபதிகளுக்குள் சண்டை எல்லாம் பட்டு, 1698-இல் கோட்டைக்குள் நுழைந்தார்கள். எட்டு ஆண்டு. நம் ரயில்வே வாரியம் 2006-லிருந்து முற்றுகையிடுகிறது. இன்னும் செஞ்சி எல்லையைத் தொடவில்லை. ஔரங்கசீப்பின் நிர்வாகத்தைக் குறை சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

திருவண்ணாமலைக்கு ரயிலே இல்லையா என்றால் இருக்கிறது. 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரை – வேலூர் ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். கட்டணம் ஐம்பது ரூபாய், நல்ல காரியம். ஆனால் வழியைக் கவனியுங்கள். சென்னையிலிருந்து தெற்கே இருக்கும் ஊருக்கு மேற்கே அரக்கோணம் போய், காட்பாடி போய், வேலூர் போய், அங்கிருந்து கீழே இறங்க வேண்டும். மாலையில் ஏறினால் நள்ளிரவு. அண்ணாமலையாருக்குக் கிரிவலம் வருவதற்கு முன் ரயில்வேக்கு ஒரு கிரிவலம். நேர் வழியில் இருக்கும் திண்டிவனத்துக்காரர் பௌர்ணமி அன்று சிறப்புப் பேருந்தின் படிக்கட்டில் தொங்குகிறார். அந்தச் சிறப்புப் பேருந்தும் வானத்திலிருந்து குதித்ததல்ல. எந்த ஊர் வண்டியை எடுத்து ‘சிறப்பு’ பலகை மாட்டினார்கள் என்று அன்று மாலை வேலை முடிந்து நிற்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ரயிலைப் பற்றிப் பேசும்போது ரத்த அழுத்தம் ஏறுவதைத் தவிர்க்க முடியவில்லை. எழும்பூர் – திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பரில் ஓட ஆரம்பித்தது. திண்டிவனம் மேடையில் நிற்பவர்களுக்கு அது காற்று வாங்கக் கொடுத்த வசதி. நிற்காது, நிற்க வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. வேக ரயில் வேகமாகப் போகட்டும். ஆனால் நிற்கிற ரயிலை என்ன செய்தார்கள்? கொரோனாவைச் சாக்கிட்டுச் சாதாரண பாசஞ்சர் வண்டிகளுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் சூட்டி, பத்து ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை முப்பது ஆக்கினார்கள். அதே பெட்டி, அதே இஞ்சின், அதே நிறுத்தம், அதே தாமதம். 2024 பிப்ரவரி வரை அந்த முப்பதை வாங்கினார்கள். பிறகு தேர்தல் நெருங்கியது, பழைய கட்டணம் நினைவுக்கு வந்தது. மூத்த குடிமக்களுக்கு இருந்த கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கிழவிகள் ஊர் சுற்றினால் கிருமி பரவும் என்று அப்போது ஒரு காரணம் இருந்தது. கிருமி போய்விட்டது. சலுகை வரவில்லை. ராமேசுவரம் போக ஆசைப்பட்ட எத்தனை ஆயாக்கள் அதற்குள் போய்ச் சேர்ந்தார்கள் என்று எந்த அமைச்சகமும் கணக்கு வைக்காது.

சரி, சாலைக்கு வருவோம். சாலைதான் என் சரணாலயத்தின் சொத்து.

திண்டிவனம் – புதுச்சேரி நான்கு வழிச் சாலை சுமார் 38 கிலோமீட்டர். மொரட்டாண்டியில் சுங்கச்சாவடி. 2025 ஆகஸ்டு 15 அன்று, சுதந்திர தினத்தில், மைய அரசு கார்களுக்கு ஒரு சுதந்திரம் கொடுத்தது. அப்போது 3,000 ரூபாய் கட்டினால் ஆண்டுக்கு 200 முறை தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளைக் கடக்கலாம் என்றார்கள். ஒரு கடப்புக்குப் பதினைந்து ரூபாய். யாருக்கு? சொந்தக் கார், ஜீப், வேன் வைத்திருப்பவர்களுக்கு. வாடகை வண்டிக்கு இல்லை, பேருந்துக்கு இல்லை. ஊரில் பத்து வீட்டார் சேர்ந்து பணம் போட்டு வேன் வாடகைக்கு எடுத்துக் குலதெய்வத்துக்குப் போனால் முழுக் கட்டணம். ஒரே ஆள் ஒரே காரில் பாண்டிக்குப் போய்ப் பீர் குடித்துவிட்டு வந்தால் போகவர முப்பது ரூபாய். இதைத் திட்டமிட்டவர் பொருளாதாரம் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். படிக்காதவனுக்கு இப்படித் தோன்றாது.

கார் பாஸ் அமலுக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்னால், அதே 2025-இல், பேருந்துக்கு என்ன நடந்தது என்பதை மறந்திருப்பீர்கள். மதுரை – கன்னியாகுமரி சாலையில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி என்று நான்கு சாவடி. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 276 கோடி ரூபாய் சுங்கப் பாக்கி வைத்திருப்பதாக வழக்கு. சூலை 10 முதல் அரசுப் பேருந்துகளை அந்தச் சாவடிகளில் விடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஓரிரு நாளில் அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது, பேருந்துகள் ஓடின, எல்லாரும் மறந்தார்கள். பாக்கி வைத்தது தப்புதான், கழகங்களின் நிர்வாகத்துக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி. ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு கார்களின் நெரிசலைக் குறைக்கிற பேருந்து ஏன் சுங்கம் கட்ட வேண்டும்? அந்தச் சுங்கம் யார் பையிலிருந்து போகிறது? 2018 சனவரியில் புறநகர்ச் சாதாரணப் பேருந்துக் கட்டணத்தைக் கிலோமீட்டருக்கு 42 காசிலிருந்து 58 காசாக ஏற்றினார்கள் அல்லவா, அந்தப் பையிலிருந்துதான். கிலோமீட்டருக்கு 58 காசு கொடுத்து நின்றுகொண்டு போகிறவன் சாவடியில் கடன்காரன். தனியாகக் குளிரூட்டிக்கொண்டு போகிறவருக்குச் சலுகை அட்டை.

இதைக் கேட்டால் ‘கார் வைத்திருப்பவர் வரி கட்டுகிறார்’ என்பார்கள். ஓமந்தூரில் சோப்பு வாங்கினாலும் வரிதான் கட்டுகிறார்கள் ஐயா.

இந்த இடத்தில் ஒரு நல்ல செய்தியைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நான் எல்லாவற்றையும் வசை பாடுகிறவன் என்று பெயர் வரும். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. விடியல் பயணம் என்று பெயர். வேலைக்குப் போகிற பெண்களுக்கு மாதம் எவ்வளவு மிச்சமானது என்று ஆய்வுகள் வந்தன. ஆய்வில் வராத ஒன்று உண்டு. காசு கேட்காமல் ஒரு பெண் தன் அம்மா வீட்டுக்குப் போனாள். கூலி வேலை இல்லாத நாளில் இரண்டு பேர் சேர்ந்து மயிலம் மலைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வந்தார்கள். ‘எங்கடி போற?’ என்று வீட்டில் கேட்டபோது ‘சும்மா போய்ட்டு வரேன்’ என்று சொல்ல முடிந்தது. சும்மா போவதற்கு இந்த நாட்டில் ஆண்களுக்கு மட்டுமே பரம்பரைப் பாத்தியதை இருந்தது.

அதைப் பொறுக்க முடியுமா? அடுத்த ஆண்டே, 2022 செப்டம்பரில், திட்டம் கொண்டுவந்த அரசின் அன்றைய உயர்கல்வி அமைச்சர், இதே விழுப்புரம் மாவட்டத்து அரசியலில் முப்பது வருடத்துக்கு மேல் இருக்கும் பொன்முடி, மேடையில் பெண்களைப் பார்த்து எல்லாம் ஓசியில் போகிறீர்கள் என்ற பொருள்படப் பேசினார். கூட்டத்தில் சிரிப்பு. அரசுக் காரில் வந்து, அரசு டீசலில் திரும்பிப் போகிறவர் வாயில் அந்தச் சொல் எப்படித்தான் வழுக்காமல் வந்ததோ. நான்கு வழிச் சாலைக்கு நிலத்தைக் கொடுத்தது யார்? பல ஊர்களில் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இழப்பீட்டுக்கு அலைந்தது யார்? அந்த நிலத்தின் மேல் பதினைந்து ரூபாய்க்குப் பறக்கிற காரை எந்த அமைச்சரும் ஓசி என்று சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள். அங்கே அது வளர்ச்சி.

ஓசி பேருந்துக்கும் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். நகரப் பேருந்துத் தடத்துக்கு மேல் போனால் டிக்கெட். வெளியூர் வண்டியில் டிக்கெட். ஞாயிற்றுக்கிழமையானால் ‘பள்ளிக்கூடம் லீவு, ஆள் ஏறாது’ என்று நடை குறைகிற தடங்கள் உண்டு. வாரத்தில் ஒரே ஒரு நாள் குடும்பமே வீட்டில் இருக்கும், அன்று வண்டி குறையும். ஓய்வு நாளில் ஏழை ஓய்வாக வீட்டிலேயே இருக்கட்டும் என்ற பரிவு.

பரிவை மீறி எங்காவது போக வேண்டுமென்றால் குட்டி யானை இருக்கிறது. அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். காய்கறி ஏற்றுகிற சின்ன வண்டியில் தார்ப்பாய் விரித்து, பெண்கள் நடுவில், பிள்ளைகள் மடியில், ஆண்கள் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு. ராத்திரி ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் திரும்பும்போது, ஓட்டுகிறவருக்கும் கலக்கம். விபத்து நடந்தால் மறுநாள் மூன்று காரியம் நடக்கும். முதல்வர் இரங்கல், நிவாரண அறிவிப்பு, ‘சரக்கு வாகனத்தில் ஆட்களை ஏற்றினால் கடும் நடவடிக்கை’ என்று ஒரு சுற்றறிக்கை. அந்த ஊரிலிருந்து மலையனூருக்கு அமாவாசை ராத்திரி ஏறித் திரும்ப வண்டி உண்டா என்று கேட்டு நான்காவதாக ஒரு தாள் எழுதியவர் எவரும் இல்லை. சட்டம் மீறினார்கள் என்று செத்தவர்களையே குற்றவாளியாக்கிக் கோப்பை மூடுவது சுலபம்.

சாமி பார்ப்பது பற்றிப் பேச ஓமந்தூருக்குத் தனி உரிமை உண்டு. 1947 மார்ச்சில் சென்னை மாகாணத்தின் பிரதமராக வந்த ராமசாமி ரெட்டியார் இந்த மண்ணில் பிறந்தவர். அவர் ஆட்சியில்தான் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் அதே ஆண்டு. ஆண்டாண்டு காலம் வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குக் கோபுர வாசல் திறந்தது. இப்போது வாசல் திறந்திருக்கிறது, போகத்தான் வண்டி இல்லை. வண்டிக்கும் ஒரு நுழைவுச் சட்டம் போட இன்னொரு ஓமந்தூரார் பிறக்க வேண்டும் போலிருக்கிறது. இரண்டே ஆண்டில் கட்சிக்குள்ளேயே அவரை இறக்கிவிட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு பிறக்க வேண்டும்.

அவர் பெயரை மட்டும் சென்னையில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அண்ணா சாலையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம். அங்கே 2010-இல் புதுச் சட்டமன்றம் கட்டித் திறந்தார்கள், 2014-இல் அதையே மருத்துவமனையாக்கினார்கள். 2019 பிப்ரவரி முதல் வாசலிலேயே மெட்ரோ நிலையம், குளிரூட்டிய ரயில். பெயருக்கு மெட்ரோ. ஊருக்கு மணிமண்டபம். மணிமண்டபத்தைப் பார்க்க வெளியூர்க்காரர் வர வேண்டுமென்றால் ‘எக்ஸ்பிரஸ்’ பலகை இல்லாத வண்டியாகப் பார்த்து ஏறி வரட்டும்.

எதிர்த் திசையில் போவதையும் பார்ப்போம். ஓமந்தூர்ப் பிள்ளைகளுக்கு மெரினா பார்க்க ஆசை. திண்டிவனம் போய்ச் சென்னை வண்டி ஏறினால் முன்பு கோயம்பேட்டில் இறங்கலாம், வாசலில் மெட்ரோ. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் திறந்தார்கள். 88 ஏக்கர், ஏறக்குறைய 400 கோடி ரூபாய். தென் மாவட்ட வண்டிகள் எல்லாம் அங்கேயே நிற்க வேண்டும் என்றார்கள். எல்லாம் இருந்தது, ரயில் நிலையம் இல்லை. பக்கத்தில் மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது, தண்டவாளம் கண்ணுக்குத் தெரிந்தது, நிற்க மேடை மட்டும் கட்டியிருக்கவில்லை. கல்யாணத்துக்குத் தேதி குறித்து, பந்தி பரிமாறி, மொய் எழுதி முடித்த பிறகு மாப்பிள்ளை தேடின கதை. மூட்டையும் குழந்தையுமாக நடுராத்திரி அங்கே இறங்கினவர்கள் நகரத்துக்குள் போவதற்குக் கொடுத்த ஆட்டோ காசில் இன்னொரு முறை ஊருக்கே போய் வந்திருக்கலாம். பொங்கல், தீபாவளிக்கு அதே இடத்தில் ஆம்னி பேருந்துகள் கேட்கும் விலையைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை முடியாது. ஆண்டுதோறும் அமைச்சர் எச்சரிப்பார், ஆண்டுதோறும் அவர்கள் பயப்படுவார்கள், ஆண்டுதோறும் விலை ஏறும்.

வெள்ளைக்காரனை ஒரு விஷயத்தில் மெச்ச வேண்டியிருக்கிறது. வெயில் தாங்கவில்லை என்று மாகாண அரசாங்கத்தையே கோடைக்கு ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போனான், போய்வர 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் மலை ரயில் போட்டான். தன் சுகத்துக்குத்தான் போட்டான். ஆனால் ரயில் போட்டுவிட்டான், இன்று அதில் யார் வேண்டுமானாலும் ஏறலாம். நம்முடைய துரைகள் தங்கள் சுகத்துக்குக் கார்ச் சாலை போட்டார்கள். கார் பெருகி ஊட்டியும் கொடைக்கானலும் மூச்சு முட்டிப் போய், 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கி வா என்று நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அந்த உத்தரவில் அரசுப் பேருந்தில் வருகிறவருக்குப் பாஸ் கேட்கவில்லை. மலையைக் கெடுத்தது யார் என்று நீதிமன்றத்துக்குத் தெரிந்திருக்கிறது. திட்டம் போடுகிறவர்களுக்குத்தான் தெரியவில்லை.

மனம் வைத்தால் எதுவும் நடக்கும் என்பதற்குச் சான்று வெளியே தேட வேண்டாம், திண்டிவனத்துக்கு முந்தைய மேல்மருவத்தூரில் இருக்கிறது. இருமுடி, தைப்பூச நாட்களில் தென்னக ரயில்வே விரைவு ரயில்களை அங்கே இரண்டு நிமிடம் தற்காலிகமாக நிறுத்துகிறது. செவ்வாடைப் பெண்கள் கூட்டம் கூட்டமாக இறங்குகிறார்கள். ஓட்டுநருக்குப் பிரேக் போடத் தெரிந்திருக்கிறது, சிக்னலுக்குச் சிவப்பு காட்டத் தெரிந்திருக்கிறது, வானம் இடிந்து விழவில்லை. கூட்டம் கேட்டால் ரயில் நிற்கும். கேட்கத் தெரிந்த கூட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

2025 சூலையில் புதுச்சேரிக் கடலில் சொகுசுக் கப்பல் ஒன்று வந்து நின்றது. சுற்றுலாப் பயணிகளை வரவேற்க ஏற்பாடு, ஏற்றிச்செல்ல வாகனம், ஊர் சுற்றிக்காட்ட ஆள். தவறில்லை, விருந்தினரை உபசரிப்பது நம் வழக்கம். அதே கடற்கரையை வாழ்நாளில் ஒரு முறை அந்தி நேரத்தில் பார்த்துவிட்டு, கடைசி வண்டியை விட்டுவிடுவோமோ என்ற பயம் இல்லாமல் திரும்ப வேண்டும் என்று முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு ஆயா ஆசைப்பட்டால், அவளை எந்தத் துறை வரவேற்கும்? அவள் எந்தத் துறையின் கணக்கிலும் சுற்றுலாப் பயணி இல்லை. அவளைக் கணக்கில் எடுக்கிற ஒரே நாள் வாக்குப்பதிவு நாள். அன்று மட்டும் வீட்டு வாசலுக்கு ஆட்டோ வரும்.

அந்த நாளை வைத்துத்தான் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஓட்டுக் கேட்டு வருகிறவர் பைபாஸில் காரை நிறுத்திவிட்டு, துண்டைச் சரிசெய்துகொண்டு, கும்பிட்டபடி ஊருக்குள் நடந்து வருவார். மணிமண்டபத்துக்கு மாலை போடுவார். ஆரத்தித் தட்டில் காசு போடுவார். அவரிடம் கொள்கை கேட்க வேண்டாம். செஞ்சி ரயிலுக்கு உங்கள் கட்சி எத்தனை முறை நாடாளுமன்றத்தில் எழுந்து நின்றது என்று கேளுங்கள். பேருந்துக்குச் சுங்க விலக்கு வாங்கித் தருவீர்களா என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நம்மூருக்குக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பதில் தெரியாமல் உதவியாளரைத் திரும்பிப் பார்த்தாரானால், உங்கள் ஓட்டை அவருக்குப் போடாதீர்கள்.